‘டெல்’: எண்ணுவதும் சொல்வதும்

ஏடிஎம் என்ற மூன்றெழுத்தின் நடுவில் நிற்கும் ‘டி’, ‘டெல்லர்’ என்பதன் முதலெழுத்து. ‘டெல்’ என்றால் சொல், ஆகவே ‘டெல்லர்’ என்றால் சொல்பவர் என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பெயர் விளங்காது. அந்த இயந்திரம் யாருக்கும் எதையும் சொல்வதற்காக நிற்கவில்லை, நோட்டை எண்ணித் தர நிற்கிறது. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்ளேஸ் வங்கி பணம் தரும் இயந்திரத்தை முதன்முதலில் சுவரில் பொருத்தியதற்கு வெகு காலம் முன்பிருந்தே, கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவருக்கு ‘டெல்லர்’ என்றுதான் பெயர்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த வினை ‘டெல்லன்’. எண்ணுதல், கணக்கிடுதல், வரிசைப்படுத்திச் சொல்லுதல் எல்லாம் அதில் அடங்கின. உறவு மொழிகளில் அந்தப் பழைய பொருள் இன்றும் அப்படியே இருக்கிறது. டச்சுக்காரர் எண்ணுவதை ‘டெல்லன்’ என்பார், கதை சொல்வதை ‘ஃபர்டெல்லன்’ என்பார். ஜெர்மன்காரருக்கு எண்ணுதல் ‘ட்சேலன்’, கதை சொல்லுதல் ‘எர்ட்சேலன்’. ஆங்கிலம் மட்டும் எண்ணும் வேலையை ‘கவுன்ட்’ என்ற பிரெஞ்சு வழி வந்த சொல்லிடம் ஒப்படைத்துவிட்டு, ‘டெல்’லைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் ‘கவுன்ட்’டுக்கும் ‘ரீகவுன்ட்’ என்று கதை சொல்லும் ஒரு தம்பி உண்டு. எண்ணுவதும் சொல்வதும் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டேதான் வருகின்றன.

தமிழர்களுக்கு இது அந்நியமான விஷயமே அல்ல. ‘எண்’ என்றால் எண்ணிக்கை, ‘எண்ணம்’ என்றால் நினைப்பு. ‘கூறு’ என்றால் சொல், பங்கு என்றும் பொருள். கூறு போட்டு விற்பதும் கூறுவதும் ஒரே எழுத்துதான். ஒன்றொன்றாகப் பிரித்து வைப்பதுதான் எண்ணுவதற்கும் அடிப்படை, தெளிவாகச் சொல்வதற்கும் அடிப்படை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் ‘டெல்’ என்ற சொல்லின் விசித்திரங்களில் பாதி விசித்திரமாகவே தெரியாது.

1611இல் வெளியான ஆங்கில பைபிளில் ஆபிரகாமிடம் கடவுள் வானத்தைக் காட்டி, ‘டெல் த ஸ்டார்ஸ்’ என்கிறார். நட்சத்திரங்களிடம் போய் ஏதோ சொல்லச் சொல்கிறார் என்று இன்றைய வாசகர் தடுமாறலாம். ‘முடிந்தால் எண்ணிப் பார்’ என்பதுதான் பொருள். தமிழ் பைபிளிலும் அங்கே ‘எண்ணு’ என்றே இருக்கிறது. அதே பைபிளில், எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் செங்கல்லின் ‘டேல்’ குறையாமல் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி வரும். இன்றைய ஆங்கிலத்தில் ‘டேல்’ என்றால் கதை. செங்கல்லுக்கு ஏது கதை? ‘டேல்’ என்பது அங்கே எண்ணிக்கை. கிறிஸ்தவர்கள் ஜெபமாலை உருட்டுவதை ‘டெல்லிங் பீட்ஸ்’ என்பதும் இப்படித்தான்: மணிகளோடு பேசுவதில்லை, மணிகளை எண்ணுகிறார்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் இந்தப் பொருளில் ஒரு பதவியே இருக்கிறது. வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்கள் எழுந்து, ஆதரவுக்கு ஒரு தாழ்வாரம், எதிர்ப்புக்கு இன்னொன்று என்று நடந்துபோவார்கள். எட்டு நிமிடத்தில் கதவு சாத்தப்படும். வெளியே வருகிறவர்களை எண்ண ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இருவர் நிற்பார்கள், அவர்கள்தான் ‘டெல்லர்’கள். அவர்களுடைய வாக்கு மொத்தத்தில் சேராது. எண்ணி முடித்ததும் வென்ற தரப்பு ‘டெல்லர்’ ஒருவர் சபைத்தலைவர் முன் வந்து எண்ணிக்கையை உரக்க வாசிப்பார். எண்ணியவரே சொல்கிறார். அந்தப் பழைய வினையின் இரண்டு பொருளையும் ஒரே ஆள் செய்துகாட்டுகிற இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

சரி, அன்றாட ஆங்கிலத்துக்கு வருவோம். நாம் அதிகமாகத் தவறுகிற இடம் அங்கேதான்.

தமிழில் ‘சொல்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ‘ஸே’, ‘டெல்’ என்று இரண்டு. ‘ஸே’க்குச் சொல்லப்பட்ட சொற்கள் முக்கியம், ‘டெல்’லுக்குக் கேட்பவர் முக்கியம். ‘டெல்’ வந்தால், யாருக்கு என்பது அடுத்த சொல்லாகவே நிற்க வேண்டும்: ‘டெல் மீ’, ‘டோல்ட் ஹெர்’, ‘டெல் யுவர் பிரதர்’. நாம் ‘அவனிடம் சொன்னேன்’, ‘அவனுக்குச் சொன்னேன்’ என்று உருபு போட்டே பழகியவர்கள். அந்த ‘இடம்’, ‘கு’ இரண்டும் ஆங்கிலத்தில் ‘டு’வாக மாறி, ‘ஐ டோல்ட் டு ஹிம்’ என்று வந்துவிடுகிறது. அந்த ‘டு’ வேண்டாம். ‘ஸே’க்கு நேர்மாறு, அதற்குக் கேட்பவர் வந்தால் ‘டு’ கட்டாயம்: ‘ஐ ஸெட் டு ஹிம்’. ‘ஸே மீ’ என்றால் தவறு, ‘டெல் டு மீ’ என்றாலும் தவறு.

இங்கே ஒரு நுணுக்கத்தை ஆசிரியர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘டெல்’லுக்குப் பின் ‘டு’ வரவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தால் அது பொய்யாகிவிடும். சொன்ன விஷயம் முன்னால் வந்து கேட்பவர் பின்னால் போனால் ‘டு’ வரத்தான் வேண்டும்: ‘டெல் ஹெர் த நியூஸ்’, ‘டெல் த நியூஸ் டு ஹெர்’ இரண்டும் சரி. ‘டெல் டு ஹெர் த நியூஸ்’ என்பது மட்டும் தவறு. விஷயத்தை ‘இட்’ என்று சுருக்கினால் இரண்டாவது வடிவம்தான் இயல்பு: ‘டெல் இட் டு ஹெர்’. வினையை ஒட்டி ‘டு’ வரக்கூடாது, அவ்வளவுதான் விதி.

கேட்பவரைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? தமிழில் ‘சொன்னேனே’ என்றாலே போதும். யாரிடம், எதை என்பதெல்லாம் பேச்சின் போக்கில் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ டோல்ட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் ஒற்றைக் காலில் நிற்கும். அலுவலக மின்னஞ்சல்களில் ‘அஸ் ஐ டோல்ட் எர்லியர்’ என்று எழுதுவது இதனால்தான் இடறுகிறது. ‘அஸ் ஐ ஸெட் எர்லியர்’ என்று எழுதலாம், ‘அஸ் ஐ டோல்ட் யூ’ என்றும் எழுதலாம். இரண்டாவதில் ‘அப்பவே சொன்னேனே’ என்ற ஒரு குத்தல் இருக்கிறது, அதனால் மேலதிகாரிக்கு எழுதும்போது முதலாவதே நல்லது.

கேட்பவர் இல்லாமல் ‘டெல்’ தனியாக நின்று பொருள் தரும் இடம் ஒன்று உண்டு. அப்போது பொருள் வேறு. ‘டோன்ட் டெல்!’ என்று ஒரு குழந்தை இன்னொரு குழந்தையிடம் சொன்னால், ‘பேசாதே’ என்று அர்த்தமில்லை, ‘போட்டுக்கொடுக்காதே’ என்று அர்த்தம். ‘டெல் ஆன்’ என்றால் கோள் சொல்லுதல், ‘டெல் டேல்ஸ்’ என்றாலும் அதேதான். கேட்கக்கூடாத ஒருவர் காதில் விழுந்துவிட்டது என்பது அந்த மௌனத்திலேயே தொக்கி நிற்கிறது.

சில பெயர்ச்சொற்களோடு மட்டும் கேட்பவர் இல்லாமலும் ‘டெல்’தான் வரும்: பொய், உண்மை, கதை, ஜோக், ரகசியம். ‘டெல் எ லை’ என்பார்கள், ‘ஸே எ லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பொய் சொல்லாதே’ என்பதை அப்படியே மொழிபெயர்க்கிறவர்கள் இதில் மாட்டுவார்கள். ‘ஸே’ பக்கத்தில் சேர்வன: வணக்கம், நன்றி, மன்னிப்பு, ஆம், இல்லை, பிரார்த்தனை, ஒரு வார்த்தை. வாயால் உச்சரிக்கும் சொல்லே அங்கே பொருளாக நிற்கிறது என்று கவனித்தால் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எழுத்துக்கும் ‘ஸே’தான். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ‘வாட் டஸ் த லெட்டர் ஸே’ என்பதே வழக்கம்.

இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றவர்களுக்கு அடுத்து ஒரு குழி காத்திருக்கிறது. ‘டெல் மீ’ சரி என்றால் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’, ‘ஸஜஸ்ட் மீ’ எல்லாமும் சரிதானே என்று கைகள் எழுதிவிடும். இல்லை. ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘ஸஜஸ்ட்’, ‘டிஸ்கிரைப்’, ‘மென்ஷன்’ ஆகியவை கேட்பவரை நேரடியாக ஏற்காதவை; ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ என்றுதான் வர வேண்டும். ‘ஸஜஸ்ட்’டுக்கு ‘டு மீ’ போட்டாலும் காதுக்கு ஒட்டாது. ஒரு புத்தகம் பரிந்துரைக்கச் சொல்ல வேண்டுமென்றால் ‘கேன் யூ ஸஜஸ்ட் எ புக்’ என்று கேட்பவரையே விட்டுவிடுவது நல்லது. ‘ரிமைண்ட்’, ‘இன்ஃபார்ம்’, ‘அஷூர்’ மட்டும் ‘டெல்’லின் கட்சி. ‘இன்ஃபார்ம் டு மீ’ என்பது அரசாங்கக் கடிதத்தின் வாடை அடிக்கும் பிழை. ‘டெல் மீ’ என்று எழுதக் கூச்சப்பட்டுத்தான் பலர் ‘இன்ஃபார்ம்’ பக்கம் போகிறார்கள். ‘லெட் மீ நோ’ இருக்கும்போது அந்தக் கூச்சமே தேவையில்லை.

தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடமும் ஒன்று உண்டு. ‘வந்ததாகச் சொன்னான்’, ‘வரச் சொன்னான்’ என்ற இரண்டையும் தமிழர் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. முதலாவது செய்தி, இரண்டாவது ஏவல். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘டோல்ட் மீ தட்’, இரண்டாவதற்கு ‘டோல்ட் மீ டு’. ‘வர’ என்ற செயவென் எச்சம் எங்கே வருகிறதோ அங்கே ‘டு’. வராதே என்று சொன்னால் ‘நாட் டு’. இத்தனை ஒழுங்காகப் பொருந்தும் இடம் வேறு அதிகம் இல்லை.

ஆனால் ஏவலில் மரியாதை கெடும். ‘அவரை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க’ என்று நாம் இயல்பாகச் சொல்வோம். அந்த ‘அவரை’யிலும் ‘ங்க’விலும் பணிவு இருக்கிறது. ‘டெல் ஹிம் டு கால் மீ’ என்று பெயர்த்தால் பணிவு ஆவியாகி, உத்தரவு மட்டும் மிஞ்சும். ‘டெல்’லோடு ‘டு’ சேர்ந்தால் அது ஆணை. வேண்டுகோளுக்கு ‘ஆஸ்க்’: ‘குட் யூ ஆஸ்க் ஹிம் டு கால் மீ’. நமக்குக் ‘கேள்’ என்றால் பெரும்பாலும் வினவுவதும் செவிகொடுப்பதும்தான். பிறரைப் ‘போகக் கேட்பது’ தமிழில் இல்லை. அதனால் ‘ஆஸ்க்’ சட்டென்று நாவில் வராது. பழக்கிக்கொண்டால் ஒழிய, நல்ல மனிதர்கூட ஆங்கிலத்தில் அதட்டல்காரராகத் தெரிவார்.

‘என்று’ தருகிற தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். ‘நான் வருவேன் என்று சொன்னான்’ என்கிறோம். சொன்னவனின் வாய்ச்சொல் அப்படியே உள்ளே இருக்கிறது. அதை ‘ஹி டோல்ட் மீ தட் ஐ வில் கம்’ என்று எழுதினால் வரப்போவது அவனல்ல, எழுதுகிற நீங்கள். ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்று தமிழிலேயே முதலில் மாற்றிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் ‘ஹி வுட் கம்’ தானாக வரும். கேள்வி உள்ளே வந்தாலும் இதே சிக்கல்: ‘அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்’ என்பது ‘டெல் மீ வேர் ஹி இஸ்’. ‘வேர் இஸ் ஹி’ என்று திருப்பிப் போடும் கேள்வி வரிசை இங்கே செல்லாது.

செயப்பாட்டில் ‘டெல்’லும் ‘ஸே’யும் ஒன்றையொன்று தொடாமல் நடக்கும். ‘ஐ வாஸ் டோல்ட்’ என்றால் என்னிடம் சொன்னார்கள். ‘இட் இஸ் ஸெட்’ என்றால் சொல்லப்படுகிறது. என்னிடம் சொன்னார்கள் என்ற பொருளில் ‘ஐ வாஸ் ஸெட்’ என்று கிடையாது.

இனி, யாரும் வாயே திறக்காத ‘டெல்’.

‘ஐ குட் டெல் ஹி வாஸ் டயர்ட்’ என்ற வரியை ‘அவர் களைத்திருந்தார் என்று என்னால் சொல்ல முடிந்தது’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கோணிவிடும். ‘அவர் களைத்திருந்தது பார்த்தாலே தெரிந்தது’ என்பதுதான் சரி. ‘கேன்’, ‘குட்’ துணையோடு வரும்போது ‘டெல்’ என்றால் அடையாளம் கண்டுகொள்வது. மணி பார்ப்பது ‘டெல் த டைம்’. இரட்டையரில் யார் எவர் என்று பிரித்தறிவது ‘டெல் அபார்ட்’. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் காண்பது ‘டெல்’லும் ‘ஃபிரம்’மும். எண்ணுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும் அல்லவா, அந்தப் பழைய வேர்தான் இங்கே எட்டிப் பார்க்கிறது. இந்தப் பொருளில் ‘டெல்லிங்’ என்று தொடர்வினையாக வராது.

தமிழிலும் இதற்கு நிழல் உண்டு. ‘நடையை வைத்தே யாரென்று சொல்லிவிடலாம்’ என்கிறோம். ‘மழை வருமா வராதா, சொல்ல முடியாது’ என்கிறோம். எதிர்மறையில் இரண்டு மொழியும் அப்படியே பொருந்தும். உடன்பாட்டில் ‘சொல்லிவிடலாம்’ சரி, ‘சொல்ல முடிந்தது’ தவறு. அந்த ஒரு துணைவினையில்தான் எல்லாம் இருக்கிறது.

‘அன்டோல்ட்’ என்ற சொல்லில் இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ‘அன்டோல்ட்’ துயரம் என்றால் சொல்லொணாத் துயரம். ‘அன்டோல்ட்’ செல்வம் என்றால் எண்ணிலடங்காச் செல்வம். ‘ஆல் டோல்ட்’ என்றால் எல்லாம் சொன்ன பிறகு என்று நினைக்காதீர்கள், ‘ஆக மொத்தம்’. ‘டெல்லிங்’ என்று பெயரடையாக வந்தால் கணக்கில் ஏறுகிற, தைக்கிற என்று பொருள். ‘டெல்லிங்’ வாதம் என்பது நெற்றியடி. நாள்பட்ட களைப்பு ஒருவர் மேல் ‘டெல்’ ஆகிறது என்றால் அது உடம்பில் தெரிய ஆரம்பித்துவிட்டது. ‘டோல்ட் ஆஃப்’ இன்றைக்குத் திட்டு வாங்குவது. பழைய ராணுவக் குறிப்புகளில் அதே சொல், ஆட்களை எண்ணிப் பிரித்து வேலைக்கு அனுப்புவதைக் குறிக்கும். பத்துப் பேர் காவலுக்கு ‘டோல்ட் ஆஃப்’ ஆனார்கள் என்று படித்துவிட்டு, பாவம், என்ன தப்பு செய்தார்களோ என்று இரக்கப்பட வேண்டாம்.

வசன மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கி விழும் தொடர்கள் தனிக் கூட்டம். ‘டெல் மீ அபௌட் இட்’ என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் ‘அதைப் பற்றி எனக்குச் சொல்’ என்று துணைத்தலைப்பு ஓடும். அவர் கேட்கவே இல்லை, ‘அதை ஏன் கேக்கறே!’ என்று தன் வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறார். ஆங்கிலம் ‘சொல்’ என்கிற இடத்தில் தமிழ் ‘கேள்’ என்கிறது. ‘யூ ஆர் டெல்லிங் மீ’ அதன் அண்ணன்: ‘எனக்கே சொல்றியா!’ ‘ஐ வில் டெல் யூ வாட்’ என்பது ‘ஒண்ணு செய்வோம்’. ‘யூ டெல் மீ’ என்பது ‘நீதான் சொல்லணும்’. ‘டைம் வில் டெல்’ என்பதற்குக் ‘காலம் பதில் சொல்லும்’ என்று மேடைத் தமிழில் எழுதலாம். வீட்டில் பேசுகிறவர் ‘போகப் போகத் தெரியும்’ என்பார். ‘டு டெல் யூ த ட்ரூத்’ மட்டும் எந்தச் சண்டையும் போடாமல் ‘உண்மையைச் சொல்லப்போனா’ ஆகிவிடும்.

சீட்டாட்டக்காரருக்கு ‘டெல்’ ஒரு பெயர்ச்சொல். போக்கர் மேசையில் நல்ல சீட்டு வந்ததும் ஒருவர் மூச்சு மாறும், இன்னொருவர் காசைத் தடவுவார். அவரை அறியாமல் அவரைக் காட்டிக்கொடுக்கும் அந்தச் சின்ன அசைவுதான் ‘டெல்’. அகழாய்வு மேட்டைக் குறிக்கும் ‘டெல்’ இதற்கு உறவே இல்லை, அது அரபியிலிருந்து வந்தது.

காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு ‘டெல்டேல்’ என்றே பெயர். பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷ் ஆட்டத்தில், முன்சுவரின் அடியில் இருக்கும் தகரப் பட்டைக்கு அந்தப் பெயர் உண்டு. பந்து பட்டால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். கார் டாஷ்போர்டில் எரியும் சின்ன விளக்குகளுக்கும் பொறியாளர்கள் வைத்த பெயர் ‘டெல்டேல்’: சிவப்பு ஆபத்து, மஞ்சள் எச்சரிக்கை, பச்சை ஒழுங்காக இயங்குகிறது, நீலம் முகப்பு விளக்கின் ஹை பீம். பாய்மரப் படகில் முன்பாயின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் இருபுறமும் ஒட்டிய கம்பளி நூல்களும் ‘டெல்டேல்’. இரண்டும் நேராகப் பின்னோக்கி ஓடினால் பாய் சரியாக இருக்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துடித்தால் பாய்க்கயிற்றை இழுக்க வேண்டும், மறுபக்கத்து நூல் துடித்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டும்.

சுவர் விரிசலிலும் ஒன்று உண்டு. முற்காலத்தில் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் காரையால் பூசிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கண்ணாடி சொல்லாது. இப்போது வருவது ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு பிளாஸ்டிக் தகடு. விரிசலின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அடித்தகட்டில் மில்லிமீட்டர் கட்டங்கள், மேல்தகட்டில் ஒரு சிலுவைக் கோடு. பொருத்தும்போது சிலுவை நடுப்புள்ளியில் இருக்க வேண்டும். பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் வந்து, சிலுவை எத்தனை கட்டம் விலகியிருக்கிறது என்று எண்ணி, தேதி போட்டு எழுதிக்கொள்வார்கள்.